விமானத்தில் பெரட்டு

என் தம்பி விமானத்தில் ஏறலாமா கூடாதா என்பது எங்கள் தோட்டத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் பொது விவாதமாக இருந்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை லாலாங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலை முடிகிற இடத்தில் இருந்த ரப்பர் தோட்டம் அது. அங்கே அப்போது குடியிருந்தவர்களில் விமானத்தில் ஏறியவர் ஒருவரும் இல்லை. ஆகவே கருத்துச் சொல்வதில் எல்லோருக்கும் சம உரிமை இருந்தது.

"மேல போனதும் காது அடைச்சுக்கும். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே சத்தம்னா ஆவாது" என்றார் ஒருவர்.

"சத்தம் ஆவாதவனுக்குக் காது அடைச்சா நல்லதுதானலா" என்றார் இன்னொருவர்.

விவாதத்தைத் தொடங்கிவைத்தவள் கடலுக்கு அப்பால், போர்னியோத் தீவின் சபா மாநிலத்தில் இருந்த என் அக்கா. ஆசிரியைப் பயிற்சி முடிந்ததும் அவளை அங்கே அனுப்பினார்கள். அங்கே வன இலாகாவில் வேலை பார்த்த ஒருவரை மணந்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள் தோட்டத்து ஆபீசுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். முதல் பிரசவம். அதிகம் எழுந்து நடமாடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தானோ மாதத்தில் பாதி நாள் காட்டில். பேச்சின் முடிவில் அவள் அழுதாள் என்று அம்மா சொன்னாள். அழவில்லை, லைன் சரியில்லை என்று அப்பா சொன்னார். எப்படியாயினும், மகளின் பிரசவத்திற்குத் தான் பக்கத்தில் இருப்பது என்று அன்று மாலையே அம்மா முடிவு செய்துவிட்டாள்.

அம்மா போனால் தம்பியும் போயாக வேண்டும். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா பிசைந்து கொடுத்தால்தான் உண்பான். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டால்தான் உறங்குவான். முன்பு ஒரு முறை அம்மா மருத்துவமனையில் படுத்திருந்தபோது அவன் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. கடைசியில் அவனை அங்கே தூக்கிக்கொண்டு போய், அம்மாவின் கட்டிலிலேயே உட்காரவைத்துச் சோறு ஊட்டினார்கள். இதெல்லாம் தோட்டம் அறிந்த சங்கதி. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத் தேர்வை முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான், பெட்டி தூக்குவதற்கும் மலாயும் ஆங்கிலமும் பேசுவதற்கும் துணையாகச் சேர்க்கப்பட்டேன். பேசுவது எனக்கு வராத காரியம் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அவனுடைய நிலைக்குப் பெயர் இல்லாமல் இல்லை. பெயர்கள் அதிகமாக இருந்தன. கோயில் பூசாரிக்கு அது காத்துக்கருப்பு. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெசருக்கு அது சத்துக்குறைவு. மாதம் ஒரு முறை பூசை வைக்க வரும் பாதிரியாருக்கு அது சோதனை. யாருக்கு வந்த சோதனை என்று அவர் தெளிவுபடுத்தவில்லை. பிள்ளைகள் அவனை ரேடியோ என்று கூப்பிட்டார்கள். காலையில் காதில் விழுந்த ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாலைவரை அதையே ஒலிபரப்புவான், பெயர் பொருத்தமானதுதான். ஆட்டிசம் என்ற சொல்லைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு, நூலகத்தில் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோது, முதன்முதலாகப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தவற்றில் முக்கால்வாசி எங்கள் வீட்டுச் செய்திகள்.

பக்கத்து நகரமான சுங்கைப் பட்டாணியில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த சீனர், சந்தைத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். தம்பி அவருடைய கடையில் சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான அப்பாவிடம் சொன்னார்:

"கிராணி, டிக்கெட் நான் குடுப்பேன், அது பிரச்சனை இல்ல. ஆனா பையன் உக்காரணும், பெல்ட் கட்டணும். கட்டலன்னா கேப்டன் எறக்கிடுவான். எறக்குனா எறக்குனதுதான். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. தம்பி உட்கார வேண்டும், பெல்ட் கட்ட வேண்டும். சபாவுக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த கடலைவிட இது அகலமானதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தீர்வு சொன்னவர் தோட்டத்து லோரியை ஓட்டிய மாமா. உறவுக்காரர் அல்லர், தோட்டம் முழுவதுக்கும் மாமா.

"பிளேன்னா என்னாக்கா? நீட்டமா ஒரு லோரி. சீட்டு இருக்கு, டிரைவர் இருக்கு, சத்தம் இருக்கு. நம்ம லோரியில பழக்கிவிட்டா அதுல தன்னால உக்காந்துட்டுப் போறான்."

மறுநாள் மாலையே ஒத்திகை தொடங்கியது. ஆட்களை ஏற்றிப்போகும் லோரியில் பெஞ்சுகள் முன்னரே இருந்தன. ஒரு பெஞ்சில் அப்பாவின் பழைய இடைவார் ஒன்றைக் கட்டி வைத்தார்கள். மாமா விமானி. பக்கத்து வீட்டு அத்தை, காலையெல்லாம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்து, மாலையில் விமானப் பணிப்பெண் ஆனாள். அதற்கென்று உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு, ஓடுகிற லோரியில் மைலோ நிரம்பிய கோப்பைகளைத் தட்டில் ஏந்தி நின்றாள்.

"பிளேன்ல வேலை செய்றவ எப்பவும் சிரிச்சிக்கிட்டே இருக்கணும்லா" என்று, லோரி கிளம்புமுன், எங்களுக்கு விளக்கினாள்.

"அப்ப அந்த வேலையவே வீட்டுலயும் வந்து பாரு" என்றார் கீழே நின்ற அவள் கணவர்.

பயணிகளுக்குப் பஞ்சமில்லை. முதல் நாள் ஒரு சிலர் இரக்கப்பட்டு ஏறினார்கள். மூன்றாம் நாள் மைலோவுக்காக ஏறினார்கள். அதன்பிறகு ஓரத்து இடத்திற்குச் சண்டையே வந்தது. லோரி தோட்டத்து வாசலிலிருந்து பெரிய சாலைவரை வேகமெடுத்து ஓடும். அது விமானம் எழும்புவது. பாலத்துக்கு முன்னால் இருந்த பள்ளங்களில் குலுங்கும், அது மேகம். திரும்பி வரும்போது லோரிக் கிளீனர் பின்னால் நின்று "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்த, லோரி பின்னோக்கி வந்து கொட்டகைக்குள் நுழையும், அது சபா.

தம்பி இதையெல்லாம் மிகுந்த பொறுப்போடு கற்றுக்கொண்டான். ஒரு வாரத்தில் இடைவாரைத் தானே பூட்டினான். பக்கத்தில் இருப்பவருக்கு இடைவார் இல்லையென்றால் முறைத்துப் பார்த்தான். அம்மாவுக்கு உயிர் வந்தது.

எங்கள் ஏற்பாட்டில் ஒரு பிழை இருந்தது. அதைச் சொல்லுமுன் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியுமுன் ஆபீசுக்கு முன்னால் தொழிலாளர்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்குத் தோட்டங்களில் பெரட்டு என்று பெயர். எங்கள் தோட்டத்தில் பெயர் கூப்பிடுவது கிராணியான அப்பாவின் வேலை. தம்பி நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அவருடன் போய் வரிசையின் கடைசியில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். எல்லாப் பெயர்களும் முடிந்த பின் அப்பா அவன் பெயரையும் கூப்பிடுவார். "இருக்கு" என்பான். பிறர் கேட்டதற்கு விடையாக அவன் ஒரு நாளில் சொல்லும் சொல் பெரும்பாலும் அது ஒன்றுதான். அதைச் சொன்ன பிறகுதான் அவனுக்குப் பொழுது விடியும். அப்பா காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், அவருக்குப் பதிலாகக் கூப்பிட்ட, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் கடைசிப் பெயரை விட்டுவிட்டார். தம்பி வெயில் ஏறும்வரை ஆபீசுக்கு முன்னால் நின்றான். கடைசியில் பால் நிறுக்கும் இடத்திலிருந்து மண்டோர் சைக்கிளில் திரும்பி வந்து, ஒரு பெயரை மட்டும் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

பெரட்டு ஆபீசோடு நிற்பதில்லை. ஆட்களை ஏற்றிய லோரி எதுவும் பெயர் கூப்பிடாமல் எங்கள் தோட்டத்தை விட்டு அசையாது. யாரையாவது தூரத்து மலைக்காட்டில் விட்டுவிட்டு வந்துவிடக் கூடாதே என்று ஏற்பட்ட வழக்கம். ஆகவே ஒவ்வொரு ஒத்திகையின் தொடக்கத்திலும் அப்பா லோரிக்கு முன்னால் நின்று எல்லோர் பெயரையும் கூப்பிட்டார். எல்லோரும் குரல் கொடுத்தார்கள். தம்பி கைகளைப் பின்னால் கட்டி நின்று, கடைசியாக "இருக்கு" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து, இடைவாரைப் பூட்டினான். உலகத்தில் வேறு எப்படி ஒரு வண்டி கிளம்ப முடியும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அலோர் ஸ்டார் விமான நிலையத்திற்கு அதே லோரியில் போனோம். வழியனுப்ப வந்தவர்கள் லோரி நிறைய இருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர்களை விடவில்லை, அப்பாவையும் விடவில்லை. எல்லோரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு அத்தை அசல் பணிப்பெண் ஒருத்தி நடந்துபோனதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நடை பரவால்ல. சிரிப்பு பத்தல" என்று சொன்னதாகப் பின்னர் அப்பா தெரிவித்தார்.

உள்ளே தம்பி தரையின் கோடுகளை மிதிக்காமல் நடந்தான். அன்றைய ஒலிபரப்பு "கோஸ்தான்". வண்டியைப் பின்னால் எடு என்று பொருள்படும் அந்தச் சொல்லைக் கெடாவில் அறியாதவர் கிடையாது; எனவே பெட்டி இழுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள். பிறகு பார்த்தார்கள். தோட்டத்தில் எங்களை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. தோட்டத்தார் திட்டுவார்கள், கேலி செய்வார்கள், பூசாரியிடம் போகச் சொல்வார்கள்; ஆனால் அவர்கள் பார்த்து முடித்துவிட்டவர்கள். இங்கே ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். முதலில் தம்பியை, பிறகு அம்மாவை, பிறகு அம்மா ஏதாவது செய்யப் போகிறாளா என்று.

பெட்டிகளை எடைபோட்ட இளைஞர் என்னிடம் மலாயில், மரியாதையாகத்தான், கேட்டார்: இவன் கடிப்பானா?

அம்மாவுக்கு அவ்வளவு மலாய் புரியும். "கடிக்க மாட்டான்னு சொல்லு. கோழிக்கறி வச்சாலே கடிக்காமத்தான் முழுங்குறான்னு சொல்லு" என்றாள்.

முதல் வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தேன்.

காத்திருந்த நேரத்தில் வைத்தியங்கள் சேர்ந்தன. ஒரு மலாய் அம்மையார் ஓதிய தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தமக்குத் தெரிந்தவர் பாலிங்கில் இருப்பதாகவும், திக்குவாய்க்குக்கூட அவர் தண்ணீர் கேட்கும் என்றும் சொன்னார். ஒரு சீனப் பெண், இது உடம்புச் சூடு, கசப்புத் தேநீர் போதும் என்றார். தைப்பூசத்துக்கு முடியெடுப்பதாக வேண்டிக்கொள்ளச் சொன்ன தமிழ்ப் பெண்ணுக்கு அம்மா தன் கழுத்துச் சிலுவையைக் காட்டினாள். "அதனால என்னாக்கா, முடி எல்லாருக்கும் முளைக்குது" என்றார் அவர். அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள். அவர்கள் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவனுடைய பெயரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையம்வரை எங்களைக் கொண்டுபோக நின்றது இறக்கையில் காற்றாடி வைத்த சிறிய விமானம். காற்றாடிகளைப் பார்த்ததும் தம்பியின் முகம் மலர்ந்தது. படியில் தானாக ஏறினான். எங்கள் இருக்கை வரிசையை அடைந்தான். அங்கே நடைபாதையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"உக்காருப்பா" என்றாள் அம்மா.

நின்றான்.

அம்மா பிஸ்கட் காட்டினாள். ஜன்னலைக் காட்டினாள். பெல்ட்டைக் கையில் எடுத்து ஆட்டிக் காட்டினாள். அவன் அவற்றையெல்லாம் தாண்டி விமானத்தின் முன்பக்கத்தையே நோக்கி நின்றான். பணிப்பெண் வந்து அவன் உயரத்துக்குக் குனிந்து, "அடிக், டுடோக் யா" என்று உட்காரும்படி இனிமையாகக் கேட்டாள். "கோஸ்தான்" என்றான் தம்பி. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த வெள்ளைத் தொப்பி ஹாஜியார் ஒருவர், வண்டி இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் பின்னால் எடுக்கச் சொல்கிறானே என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். சிலர் சிரித்தார்கள். எல்லோரும் ஏறி அமர்ந்து கதவை மூடும் நேரம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

முன்வரிசையில் மடியில் கறுப்புப் பெட்டி வைத்திருந்த தமிழர் திரும்பிப் பார்த்தார். வழக்கறிஞராக இருக்கலாம்; காற்சட்டையின் மடிப்பு அப்படி இருந்தது.

"என்னம்மா, பிள்ளைய அடக்க மாட்டீங்களா? இந்த மாதிரிப் பிள்ளைய ஏன் பிளேன்ல கூட்டிட்டு வர்றீங்க?"

"அவன் ஒண்ணும் பண்ணலீங்க. நிக்கிறான், அவ்வளவுதான்."

"நிக்கக் கூடாது, அதாம்மா பிரச்சனையே. ரெண்டு போட்டா உக்காருவான். சும்மா கொஞ்சிக்கிட்டு இருந்தா?"

அடிக்க வேண்டும் என்பதை வேறு சிலரும் வேறு மொழிகளில் ஆமோதித்தார்கள். இன்னும் சிலர் பாவம் என்றார்கள். அது அம்மாவை நோக்கியா, தம்பியை நோக்கியா, தாமதமாகிக்கொண்டிருந்த தங்களை நோக்கியா என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது. பணிப்பெண் முன்னால் போனாள். சற்று நேரத்தில் விமானியின் அறைக்கதவு திறந்து, நரைத்த மீசையோடு விமானியே வெளியில் வந்தார்.

டிக்கெட் விற்ற சீனர் சொன்ன கேப்டன் இவர்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து காலடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"எறங்கிடலாம், பாப்பா" என்றாள் என்னிடம். "வேற என்னா செய்றது. அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

ஜெபமாலை அவள் விரல்களுக்குள் சிக்குண்டு கிடந்தது. எந்த மணியிலும் விரல் நகரவில்லை. அவளைப் பார்க்க மாட்டாமல் தம்பியின் பக்கம் திரும்பினேன். பின்னால் கட்டியிருந்த அவனுடைய கைகள் எனக்கு நேராக இருந்தன. ஒவ்வொரு நாளும் ஆபீசுக்கு முன்னால் பார்த்த கைகள். அவன் முரண்டு பிடிக்கவில்லை, பயப்படவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்த வரிசைப்படியே பயணம் செய்துகொண்டிருந்தான். விமானக்காரர்கள்தான் ஒன்றை விட்டுவிட்டார்கள்.

வகுப்பில் ஆசிரியர் கேட்டாலன்றி வாய் திறக்காதவள் நான். கேட்டாலும் சுருக்கமாகத்தான் சொல்வேன். விமானியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்திற்குள் பள்ளி மலாயில், எழுவாய் பயனிலையோடு முழுமையாக அமைத்துக்கொண்ட பிறகு எழுந்தேன்.

"கேப்டன், என் தம்பி தன் பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறான். கூப்பிட்டால் உட்காருவான்."

அவர் என்னைப் பார்த்தார். பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். நல்ல கனமான குரலில் கூப்பிட்டார்.

தம்பி அசையவில்லை.

"அவன் பெயர் கடைசியில் வர வேண்டும்" என்றேன்.

"எதன் கடைசியில்?"

"எல்லோருடைய பெயருக்கும் கடைசியில்."

கறுப்புப் பெட்டிக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். விமானி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; தம்பியின் கைகளைப் பார்த்தார். பிறகு பணிப்பெண்ணிடம், எப்படியும் ஆட்களை எண்ணத்தானே வேண்டும் என்று சொல்லி, அவளிடம் இருந்த பெயர்த்தாளை வாங்கிக்கொண்டார்.

முதல் பெயருக்கு உரியவர், தம்மையா கூப்பிடுகிறார்கள் என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மிக மெல்லிய குரலில் "ஆடா" என்று மலாயில் இருப்பைத் தெரிவித்தார். அடுத்த பெண் கையை உயர்த்தினார். மூன்றாமவர் "யெஸ்" என்றார். அதற்குள் மற்றவர்களுக்குப் பழகிவிட்டது. ஹாஜியார் தம் முறை வந்ததும் எழுந்து நின்று, பள்ளிப் பிள்ளைபோல் நெஞ்சை நிமிர்த்திக் குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கசப்புத் தேநீர் சொன்ன சீனப் பெண் தன் பெயரை விமானி தவறாக உச்சரித்ததைத் திருத்தி, மறுபடியும் கூப்பிடச் செய்தார். அம்மாவின் பெயர் வந்தது. அப்பா ஒருபோதும் பெரட்டில் கூப்பிட்டிராத அந்தப் பெயருக்கு அம்மா, பையை மார்போடு அணைத்தபடி, "இருக்கேங்க" என்றாள்.

கறுப்புப் பெட்டிக்காரரின் பெயருக்குப் பதில் வரவில்லை. அவர் ஜன்னல் வழியே புல்வெளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். விமானி இரண்டாம் முறை கூப்பிட்டார். தம்பி தலையைச் சாய்த்து, சத்தம் வராத இடம் எது என்று தேடி, அவருடைய பின்னந்தலையில் பார்வையை நிறுத்தினான். அவனோடு சேர்ந்து விமானம் முழுவதும் அந்தப் பின்னந்தலையைப் பார்த்தது.

"சொல்லிடுங்க, தம்பி" என்றார் ஹாஜியார் அவரிடம், தமக்குத் தெரிந்த தமிழில். "நான் கோலாலம்பூர் போயி சாப்பிடணும்."

"பிரசன்ட், சார்" என்றார் அவர். அந்த 'சார்' தானாக வந்துவிட்டதென்று நினைக்கிறேன், காது சிவந்திருந்தது.

மீதிப் பெயர்கள் விரைவாக முடிந்தன. கடைசியில் விமானி தாளை மடித்துவிட்டு, தம்பியை நேராகப் பார்த்து, அவன் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கு" என்றான் தம்பி.

உட்கார்ந்தான். பெல்ட்டைப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். அம்மாவுடையதையும் என்னுடையதையும் சரிபார்த்தான். விமானம் பின்னால் போகாமல் முன்னால் நகர்ந்ததை மட்டும் அவன் சற்று ஏமாற்றத்தோடு ஏற்றுக்கொண்டான். அதன்பின் காற்றாடியைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை. வயலெல்லாம் கீழே கட்டங்கட்டமாக ஓடியதை அவனுக்குப் பதிலாக நான் பார்த்தேன்.

சுபாங்கில் இறங்கும்போது கறுப்புப் பெட்டிக்காரர் எழுந்து நின்று எங்களுக்கு வழி விட்டார். "நல்ல டாக்டரா பாருங்கம்மா" என்றார். அம்மா "சரிங்க" என்றாள். அது அறிவுரையா வருத்தமா என்று என்னால் வகைப்படுத்த முடியவில்லை.

சபாவுக்குப் போகும் விமானத்தைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டாள். அது பெரிது. எங்கள் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள் இரண்டை அடுத்தடுத்து வைத்தாலும் அதற்குள் அடங்கும்போல் தோன்றியது. மக்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். எங்களோடு வாசல்வரை வந்த முதல் விமானத்துப் பணிப்பெண், புதிய விமானத்தின் தலைமைப் பணியாளரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, இத்தனை பெயரையும் கூப்பிட்டால் நாளைக்குத்தான் போய்ச் சேருவோம் என்றார், உண்மைதான். தம்பி தன் இருக்கைக்கு அருகில் கைகளைக் கட்டி நின்றிருந்தான்.

"பாப்பா, நீ கூப்பிடு" என்றாள் அம்மா.

"யார் பேர?"

"உங்கப்பா கூப்பிடுற பேர."

பிறந்ததிலிருந்து விடியுமுன் காதில் விழுந்த பெயர்கள். வரிசை மாறாமல் எனக்கு வரும். மெல்லத் தொடங்கினேன். தம்பி காது கொடுக்கவில்லை. பெரட்டு முணுமுணுக்கப்படுவதன்று. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அப்பாவின் குரலில் இல்லாவிடினும் அப்பாவின் அளவில், முதல் லயத்தின் முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். பதில் சொல்ல ஆள் வேண்டுமே. அதை அம்மா எடுத்துக்கொண்டாள்; ஒவ்வொரு பெயருக்கும் தலையைக் குனிந்து, ஜெபமாலையில் ஒரு மணியை நகர்த்தி, "இருக்காங்க" என்றாள்.

எங்கள் வரிசையில் ஓரத்து இருக்கையில் சபாக்காரர் ஒருவர் அமர்ந்திருந்தார். கழுத்தில் சிலுவை அணிந்த, வயதான, சாந்தமான மனிதர். நான் பெயர் சொல்வதையும் அம்மா மாலையை உருட்டி விடை சொல்வதையும் சிறிது நேரம் கவனித்தார். புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டும் பிரார்த்தனையை நான் சொல்வதாக அவர் முடிவு செய்திருக்க வேண்டும். கடல் கடக்கும் பயணத்துக்கு அது பொருத்தமானதென்றும் கருதியிருக்கலாம். கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் தம் மொழி வழக்கப்படி, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மலாயில் சேர்ந்து சொல்லத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இவ்வாறாக எங்கள் லோரிக்கார மாமாவிடமும், கள்ளுக்கடைக் கணக்கை இரண்டு தடவை மறந்தவரிடமும், உதட்டுச்சாயம் பூசிய அத்தையிடமும், தைப்பூசத்தில் காவடி தூக்கும் மண்டோரிடமும் அன்று பரலோக வேண்டுதல் முறைப்படி சமர்ப்பிக்கப்பட்டது. அம்மா ஒரு கட்டத்தில் இதை உணர்ந்துவிட்டாள். அவளுடைய தோள்கள் குலுங்குவதைக் கண்டு அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தால் வரிசை தவறிவிடும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டு இரண்டாம் லயத்தை முடித்தேன். கடைசியாகத் தம்பியின் பெயரைக் கூப்பிட்டேன்.

"இருக்கு."

"ஆமென்" என்றார் சபாக்காரர்.

தம்பி பெல்ட்டைப் பூட்டிக்கொண்டான். ஒரு பணிப்பெண் வந்து எங்களுக்கு மட்டும் கூடுதலாக ஆரஞ்சுச் சாறு வைத்துவிட்டுப் போனாள்; எங்களை என்னவென்று நினைத்தாளோ தெரியாது. அம்மா அதைக் குடித்துவிட்டு உறங்கிப்போனாள். பல வாரங்களுக்குப் பிறகு நான் பார்த்த அவளுடைய முதல் உறக்கம் அது.

சபாவின் கோத்தா கினபாலு விமான நிலையத்தில் மற்றவர்கள் எல்லோரும் இறங்கிய பின்பே இறங்கினோம். வருகைக் கூடத்தில், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னே தள்ளிய வயிற்றோடு அக்கா நின்றிருந்தாள். அத்தான் காட்டிலிருந்து திரும்பவில்லை. தனியாக டாக்சி பிடித்து வந்திருந்தாள்.

அம்மா அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. "யாருடி உன்ன நிக்கச் சொன்னது?" என்றாள்.

"எவ்வளவு நேரம்மா பாக்குறது. நீங்க வராம போயிடுவீங்களோன்னு..."

"டாக்டர் என்னா சொன்னாரு? உக்காரு."

"எங்கம்மா உக்கார்றது? இங்க நாற்காலியே இல்ல."

அம்மா சுற்றும் பார்த்தாள். பெட்டிகளை வைத்துத் தள்ளும் வண்டியிலிருந்து எங்கள் பெட்டிகளை இறக்கி என்னிடம் கொடுத்தாள். அக்காவின் தோளைப் பிடித்து வண்டியின் மேல் உட்காரவைத்தாள். "அம்மா, நான் டீச்சர். இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்று அக்கா கெஞ்சினாள். "தெரிஞ்சா நல்லதுதானே, வழி விடுவாங்க" என்றாள் அம்மா. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினாள். தம்பி ஒரு கையால் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோடுகளை மிதிக்காமல், அமைதியாக நடந்து வந்தான்.

கூடம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. சிறுவர்கள் விரல் நீட்டினார்கள். காவலர் ஒருவர் வாய் திறந்தபடி நின்றார். என் தம்பியை ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா வண்டியை நிறுத்தவில்லை.